பிரித்தானிய இந்திய வெள்ளி நாணயங்கள் (19-ஆம் நூற்றாண்டு): அடையாளமும் சேகரிப்பும்

பிரித்தானிய இந்திய வெள்ளி நாணயங்கள் என்பவை கிழக்கிந்தியக் கம்பெனியும், 1858-க்குப் பின் பிரித்தானிய அரசும் இந்தியாவில் அச்சிட்டு வழங்கிய வெள்ளிக் காசுகளாகும். ரூபாய், அரை ரூபாய், கால் ரூபாய், இரண்டணா ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. 19-ஆம் நூற்றாண்டின் ரூபாய்கள் கோடிக்கணக்கில் அச்சிடப்பட்டதால் அவற்றில் பெரும்பாலானவை அரிய நாணயங்கள் அல்ல. ஆனால் அதே தோற்றத்தில், ஒரு புள்ளி, ஓர் எழுத்து, ஓர் ஆண்டு மட்டும் மாறிய சில நாணயங்கள் மிக அரியவை. இந்த வேறுபாடு தெரியாததால் பழைய வெள்ளி ரூபாய்கள் இன்றும் எடைக்குப் போடப்பட்டு, உருக்கப்பட்டு, கொலுசாகவும் அரைஞாணாகவும் மாறிவிடுகின்றன. நாணயத்தை உருக்கும் முன் பார்க்க வேண்டிய அடையாளங்களைத் தெரிந்துகொள்வதே இத்துறையின் முதல் பாடமாகும்.

சங்கரன்கோவில் பகுதியின் பின்னணி

தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவில் 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இதன் அருகிலுள்ள நெற்கட்டும்செவலை ஆண்ட பூலித்தேவர் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆற்காட்டு நவாபுக்கும் கம்பெனிக்கும் கப்பம் கட்ட மறுத்துப் போரிட்டவர். 1801-இல் ஆற்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலம் கர்நாடகப் பகுதியின் ஆட்சி கம்பெனியின் கைக்குச் சென்றது. அதன் பின் இப்பகுதியின் நிலவரி கம்பெனியின் கருவூலத்துக்குச் சென்றது. வரி கட்டுவதற்குக் காசு தேவைப்பட்டதால், விளைச்சலை விற்றுக் காசாக்குவது குடியானவருக்குக் கட்டாயமாயிற்று.

இப்பகுதியின் கரிசல் நிலங்களில் பருத்தி முக்கியப் பயிர். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வரவில்லை. இந்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அதற்கு ஈடாகப் பெருமளவு வெள்ளி இந்தியாவுக்கு வந்து, ரூபாயாக அச்சிடப்பட்டது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகத் திருநெல்வேலிப் பருத்தியும் இந்த வணிகத்தில் பங்குபெற்றது. 1862 என்று பொறித்த ரூபாய்கள் இன்றும் எளிதில் கிடைப்பதற்கு அக்காலத்தின் பெரும் அச்சடிப்பும் ஒரு காரணமாகும்.

வங்கிகள் இல்லாத ஊர்களில் வெள்ளி ரூபாயே சேமிப்பாக இருந்தது. குடத்திலும் பெட்டியிலும் வைத்தனர். வளையம் பற்றவைத்துக் குழந்தைகளின் கழுத்திலும் இடுப்பிலும் கட்டினர். தேவைப்பட்டபோது ஆசாரியிடம் கொடுத்து நகையாக்கிக்கொண்டனர். ரூபாயின் தூய்மை எங்கும் ஒன்றாக இருந்ததால், அதை உருக்கி நகை செய்வது நம்பகமான வழியாகக் கருதப்பட்டது.

1835-க்கு முன் வழங்கிய காசுகள்

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயம் ரூபாய் அன்று, தங்க வராகனே. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது கம்பெனியின் கணக்கு. 1818-இல் வெள்ளி ரூபாய் அடிப்படை நாணயமாக அறிவிக்கப்பட்டது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்ற விகிதம் நிர்ணயிக்கப்பட்டது.

இக்காலத்து வெள்ளி நாணயங்களில் இரு வகைகள் சேகரிப்பாளர்களுக்கு முக்கியமானவை.

முதலாவது ஆற்காடு ரூபாய். இதில் பாரசீக எழுத்தில் முகலாய அரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயர் இருக்கும். அவர் 1759-இல் இறந்துவிட்டார். ஆயினும் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டிலும் அவர் பெயரிலேயே, ஹிஜ்ரி 1172 என்ற அதே ஆண்டைப் பொறித்தே அச்சிட்டு வந்தது. மக்கள் நம்பிப் பழகிய காசின் முகத்தை மாற்றினால் வணிகர்கள் வட்டம் பிடித்துக்கொள்வார்கள் என்பதே இதன் காரணம். சென்னையில் அச்சானவற்றில் தாமரைக் குறியும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அச்சிட்டவற்றில் பிறைக் குறியும் காணப்படும். காசுக்கடைக்காரர்களான சராப்புகள் சோதித்து அடித்த சிறு முத்திரைகளும் பல காசுகளில் உண்டு.

இரண்டாவது, கோபுரம் பொறித்த அரை வராகன், கால் வராகன் வெள்ளி நாணயங்கள். சென்னை நாணயசாலை 1807-இல் புது இயந்திரங்களுடன் செயல்படத் தொடங்கியதை அடுத்து இவை வெளிவந்தன. ஒரு பக்கத்தில் கோயில் கோபுரமும் சுற்றி நட்சத்திரங்களும், ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் மதிப்பும் இருக்கும். மறுபக்கத்தில் திருமால் உருவமும், தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பும் இருக்கும். அரை வராகன்களில் பல, தென் அமெரிக்க வெள்ளியில் அச்சான ஸ்பானிய டாலர்களின் மேலேயே மறுபடி அச்சிடப்பட்டவை. உற்றுப் பார்த்தால் அடியிலுள்ள ஸ்பானிய எழுத்துகளின் தடம் சிலவற்றில் தெரியும். தமிழ் எழுத்துள்ள பிரித்தானிய வெள்ளி நாணயம் என்பதால் தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்கள் இதைப் பெரிதும் விரும்புகின்றனர். சென்னையில் தங்கசாலைத் தெரு என்ற பெயர் நாணயசாலையை இன்றும் நினைவூட்டுகிறது. அந்த நாணயசாலை 1869-இல் மூடப்பட்டது.

1835: நாடு முழுவதற்கும் ஒரே ரூபாய்

1835-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம், கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. அதன் எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு பங்கு செம்பு. ஒரு ரூபாயில் ஏறக்குறைய 10.7 கிராம் தூய வெள்ளி இருக்கும். இந்த அளவு புதியதன்று. 1818-இல் சென்னை மாகாணம் ஏற்றுக்கொண்ட ரூபாயின் எடையும் தரமும் இவையே. கல்கத்தாவின் கனமான சிக்கா ரூபாய் கைவிடப்பட்டு, சென்னை ரூபாயின் அளவே நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று.

அந்த எடை ஒரு தோலாவுக்குச் சமம். அதனால் ரூபாய், எடைக்கல்லாகவும் பயன்பட்டது. மூன்று தோலா ஒரு பலம் என்பது சென்னை மாகாணக் கணக்கு. நாட்டு மருத்துவக் குறிப்புகளில் 'ஒரு ரூபாய் எடை' என்று வருவது இந்த வெள்ளி ரூபாயின் எடையையே குறிக்கும்.

1835 ரூபாயில் நான்காம் வில்லியம் மன்னரின் தலை உருவம் உள்ளது. பின்புறத்தில் இலை வளையத்துக்குள் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் மதிப்பும், சுற்றிலும் கம்பெனியின் பெயரும் ஆண்டும் இருக்கும். மன்னரின் கழுத்து வெட்டப்பட்டது போல் முடியும் இடத்தில் மிகச் சிறிய ஆங்கில எழுத்துகள் உண்டு. 'ஆர்.எஸ்.', 'எஃப்' ஆகிய இவை கல்கத்தா நாணயசாலை அதிகாரிகளான சான்டர்ஸ், ஃபோர்ப்ஸ் ஆகியோரின் பெயர்களைக் குறிக்கும். எழுத்தே இல்லாத நாணயங்களும் உண்டு. எழுத்து எது, அது மேடாக உள்ளதா, பள்ளமாக உள்ளதா என்பதைப் பொறுத்து வகை மாறும்.

விக்டோரியா ரூபாய்களின் வகைகள்

வீடுகளில் பழைய பெட்டிகளிலிருந்து கிடைப்பவை பெரும்பாலும் விக்டோரியா அரசியின் ரூபாய்களே. அவற்றை மூன்று தொகுதிகளாகப் பிரிக்கலாம்.

1840 தொகுதி: முடி சூடாத, கூந்தலை முடிந்த இளம்பெண்ணின் தலை உருவம். லண்டன் சிற்பி வில்லியம் வையன் வடித்தது. 1847-இல் 8,000 மட்டுமே அச்சான இங்கிலாந்தின் புகழ்பெற்ற 'கோதிக் கிரவுன்' வெள்ளி நாணயத்திலுள்ள அரசியின் உருவத்தை வடித்தவரும் இவரே. 1840 ரூபாயில் இரு வகை உண்டு. முதல் வகையில் அரசியின் பெயர் தலையைச் சுற்றி ஒரே தொடராக ஓடும். இரண்டாம் வகையில் தலையின் இரு பக்கமும் இரண்டாகப் பிரிந்திருக்கும். 1840-க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே ஆண்டைப் பொறித்தே அச்சிட்டனர்.

1862 தொகுதி: முடி சூடிய அரசி, கம்பெனியின் பெயர் நீங்கி 'இந்தியா' என்ற பெயர் வந்தது. இங்கும் ஆண்டு மாற்றப்படவில்லை. 1873 வரை அச்சானவற்றிலும் 1862 என்றே இருக்கும். ஆனால் பம்பாய் நாணயசாலையின் காசுகளில் ஆண்டுக்குக் கீழும், மதிப்பெழுத்துக்கு மேலும் சிறு புள்ளிகள் காணப்படுகின்றன. உண்மையில் அச்சான ஆண்டை நாணயசாலை தன் கணக்குக்காக இப்படிக் குறித்தது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். புள்ளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்துச் சில சேர்க்கைகள் மலிவானவை. சில மிக அரியவை. 1862 ரூபாய் கையில் கிடைத்தால் உருப்பெருக்கியால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் புள்ளிகளையே. 1874 முதல் ஒவ்வோர் ஆண்டும் அந்தந்த ஆண்டு பொறிக்கப்பட்டது.

1877 தொகுதி: 1876-இல் அரசிக்குப் பேரரசி என்ற பட்டம் சட்டப்படி வழங்கப்பட்டு, 1877 ஜனவரி 1 அன்று டெல்லி தர்பாரில் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு முதல் நாணயத்தில் 'குயின்' என்பது 'எம்பிரஸ்' என்று மாறியது. 1901 வரை இது நீடித்தது. இத்தொகுதியில் பம்பாய்க்கு 'பி' என்ற எழுத்தும், கல்கத்தாவுக்கு 'சி' என்ற எழுத்தும் மிகச் சிறியதாகப் பொறிக்கப்பட்டன. எழுத்தே இல்லாதவையும் உண்டு. ஒரே ஆண்டில் ஒரு நாணயசாலையின் ரூபாய் எளிதில் கிடைக்க, மற்றதன் ரூபாய் அரிதாக இருப்பது உண்டு.

ஆற்காடு ரூபாயின் 1172, கம்பெனி ரூபாயின் 1840, அரசு ரூபாயின் 1862 ஆகிய மூன்றும் பொறித்த ஆண்டு வேறு, அச்சான ஆண்டு வேறு என்பதற்குச் சான்றுகள். பழமையை மட்டும் கொண்டு விலை சொல்வது தவறாகிவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

1893-க்குப் பின் வந்த தட்டுப்பாடு

1893 வரை யார் வேண்டுமானாலும் வெள்ளியை நாணயசாலைக்குக் கொண்டுசென்று, சிறு கூலி கொடுத்து, ரூபாயாக அச்சிட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆகவே ரூபாயின் மதிப்பும் அதிலுள்ள வெள்ளியின் மதிப்பும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. 1870-களில் ஜெர்மனி முதலிய நாடுகள் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறின. உலகில் வெள்ளி விலை வீழ்ந்தது. ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் பெற்ற ரூபாய், 1892-93-இல் ஒன்றேகால் ஷில்லிங் அளவுக்கு இறங்கியது. லண்டனுக்குப் பவுன் கணக்கில் பணம் அனுப்ப வேண்டியிருந்த இந்திய அரசுக்கு இது பெருஞ்சுமையாயிற்று. 1893 ஜூனில் பொதுமக்களின் வெள்ளியை அச்சிட்டுத் தருவது நிறுத்தப்பட்டது.

அதன் விளைவாக அடுத்த சில ஆண்டுகளில் ரூபாய் அச்சடிப்பு பெரிதும் சுருங்கியது. இக்காலத்து ரூபாய்கள், குறிப்பாக 1897-ஐச் சேர்ந்தவை, முந்தைய ஆண்டுகளைவிட மிகக் குறைவாகவே கிடைக்கின்றன. 1900-இல் அச்சடிப்பு மீண்டும் பெருகியதால் 1900, 1901 ரூபாய்கள் மலிவாகக் கிடைக்கும். அரை ரூபாயும் கால் ரூபாயும் பொதுவாக ரூபாயைவிடக் குறைவாக அச்சிடப்பட்டன. சிறு காசுகள் கைமாறித் தேய்வதும் அதிகம். ஆகவே தேயாத சிறு நாணயங்களுக்குத் தனி மதிப்பு உண்டு.

அரசே உருக்கியவை

இரண்டாம் உலகப்போரின்போது வெள்ளித் தட்டுப்பாடு ஏற்பட்டதால், 1940-இல் ரூபாயின் வெள்ளி அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. விக்டோரியா ரூபாய்கள் திரும்பப் பெறப்பட்டு, 1941-இல் செல்லாக் காசாயின. அரசிடம் திரும்பி வந்தவை உருக்கப்பட்டன. 1947-இல் ரூபாய் நிக்கலுக்கு மாறியது. எத்தனை நாணயம் அச்சிடப்பட்டது என்ற கணக்கு இருந்தாலும், எத்தனை எஞ்சியுள்ளது என்ற கணக்கு எங்கும் இல்லாதது இதனால்தான். வெள்ளி விலை ஏறும் ஒவ்வொரு முறையும் எஞ்சியவற்றில் ஒரு பகுதி பட்டறைக்குப் போகிறது.

கடல் கடந்து வந்தவை

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து பலர் வேலைக்குச் சென்றனர். திரும்பியவர்களின் சேமிப்பில் அந்நாட்டுக் காசுகளும் வந்தன. 1821-இல் யானை உருவத்துடன் இலங்கைக்காக அச்சான ரிக்ஸ் டாலர், 1892 முதல் வந்த இலங்கையின் 10, 25, 50 சத வெள்ளிக் காசுகள் ஆகியவை அவ்வகையில் சேகரிப்பாளர்கள் தேடுபவை. 1895-இல் தொடங்கிய பிரித்தானிய வணிக டாலர் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அச்சாகி, சிங்கப்பூர், ஹாங்காங் பகுதிகளில் வழங்கியது. கையில் சூலம் ஏந்திய பிரித்தானியா உருவமும், மறுபக்கம் சீன, மலாய் எழுத்துகளும் அதன் அடையாளங்கள். ஒரே நாணயத்தில் அறிமுகமில்லாத எழுத்துகளைக் கண்டு போலி என ஒதுக்கிவிடக் கூடாது.

போலியைக் கண்டறிதல்

அரிய ஆண்டுகளுக்கும் கோபுர வராகன்களுக்கும் போலிகள் ஏராளம். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு.

எடை: தேயாத ரூபாய் 11.66 கிராம், அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92 கிராம், இரண்டணா 1.46 கிராம் இருக்கும். தேய்ந்தவை சற்றுக் குறையலாம். எடை கூடுவது ஐயத்துக்குரியது.

நீர்ச் சோதனை: இந்த வெள்ளிக் கலவை நீரைவிடப் பத்து மடங்குக்குச் சற்று அதிக அடர்த்தி உடையது. நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால், 11.66 கிராம் ரூபாய் ஏறக்குறைய 10.5 கிராம் காட்ட வேண்டும். ஈயமோ பித்தளையோ கலந்தால் இந்த அளவு மாறும்.

காந்தம்: வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் போலி. ஒட்டாததால் மட்டும் அசல் ஆகிவிடாது.

மேற்பரப்பு: அச்சில் அடித்த நாணயத்தின் எழுத்துகள் கூர்மையாக நிற்கும். வார்ப்பில் செய்த போலியில் ஊசிமுனை போன்ற குழிகளும், மழுங்கிய எழுத்துகளும், விளிம்பில் ஒட்டுக்கோடும் தெரியும். ஆண்டின் ஓர் இலக்கத்தை மட்டும் செதுக்கி மாற்றிய அசல் ரூபாய்களும் விற்பனைக்கு வருகின்றன. அந்த இலக்கத்தைச் சுற்றிய பரப்பு மற்ற இடங்களிலிருந்து வேறுபட்டிருக்கும்.

உரைகல்லில் உரைத்தும் கத்தியால் கீறியும் பார்ப்பது வெள்ளியின் தரத்தைக் காட்டும்; அதே நேரத்தில் நாணயத்தின் மதிப்பைக் கெடுத்துவிடும். இவை தவிர, பழைய அச்சுகளைக் கொண்டு நாணயசாலைகளே சேகரிப்பாளர்களுக்காகப் பிற்காலத்தில் செய்த மறு அச்சுகளும் உண்டு. அவை போலி அல்ல என்றாலும், அவற்றின் விலை வேறு. வகைகளைச் சரிபார்க்க ஃபிரெட் பிரிட்மோரின் பட்டியல் நூலைச் சேகரிப்பாளர்கள் பயன்படுத்துகின்றனர்.

பாதுகாத்தல்

வெள்ளிப் பாத்திரத்தைப் போல நாணயத்தையும் விபூதி, புளி, எலுமிச்சை கொண்டு துலக்குவது தமிழ் வீடுகளில் காணப்படும் வழக்கம். நாணயத்துக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. வெள்ளியின் மேல் படியும் கருமை, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் உண்டாகும் மெல்லிய படலம்; அது நாணயத்தை அழிப்பதில்லை. துலக்கும்போது அரசியின் கூந்தல், புருவம், முடியின் மணிகள் ஆகிய மேடான இடங்கள் நுண்ணிய கீறல்களுடன் தேய்கின்றன. நாணயத்தின் தரத்தை மதிப்பிடுவோர் முதலில் பார்ப்பது அந்த இடங்களையே. துலக்கிய பளபளப்பைப் பழகியவர்கள் உடனே கண்டுகொள்வர்.

நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் தூய நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தலாம். பி.வி.சி. உறைகளில் நீண்ட காலம் வைத்தால் பச்சை நிறப் பிசுக்குப் படியும். அட்டைச் சட்டங்களும் பி.வி.சி. கலவாத உறைகளும் ஏற்றவை. வளையம் பற்றவைத்த நாணயத்தைப் பிரித்தெடுக்க முயன்றால் சேதம் கூடும். அதை அப்படியே வைத்திருப்பது நல்லது.

சட்ட நிலை

பரம்பரையாக வந்த பழைய நாணயங்களை வைத்திருப்பது குற்றமன்று. ஆனால் நிலத்தைத் தோண்டும்போதோ, பழைய வீட்டை இடிக்கும்போதோ மறைத்து வைக்கப்பட்ட நாணயங்கள் கிடைத்தால் நிலை வேறு. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். உரிமையாளர் எவரும் இல்லை என்று தீர்மானிக்கப்பட்டால் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பங்கு பிரித்துத் தரவும், அரசே எடுத்துக்கொண்டால் விலை தரவும் அச்சட்டம் இடம் தருகிறது.

நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயம், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி தொல்பொருள் ஆகும். எனவே 19-ஆம் நூற்றாண்டு நாணயங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் விற்று ஏற்றுமதி செய்வதும் தடைசெய்யப்பட்டுள்ளன. தொல்பொருள் வணிகம் செய்வோர் உரிமம் பெற வேண்டும்.

மோசடிகள்

பழைய நாணயங்களுக்கு லட்சக்கணக்கில் விலை தருவதாக இணையத்தில் விளம்பரங்கள் வருகின்றன. தொடர்புகொள்பவரிடம் பதிவுக் கட்டணம், வரி, தரகு என்று முன்பணம் கேட்பதே இதன் வழக்கமான முறை. தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தி இப்படிக் கட்டணம் கேட்கிறார்கள் என்றும், தான் அத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. 'ரைஸ் புல்லிங்' எனப்படும் மோசடி தமிழ்நாட்டில் பலரைக் கடனாளியாக்கியிருக்கிறது. கம்பெனி காலத்துக் காசு அரிசியை இழுக்கும் ஆற்றல் உடையது என்று காட்டிப் பணம் பறிப்பது அதன் வழி. உலோக நாணயம் எதற்கும் அப்படி ஓர் ஆற்றல் கிடையாது. வாங்குபவர் விற்பவரிடம் முன்பணம் கேட்பது எதுவாயினும் மோசடி என்றே கொள்ளலாம்.

பதிவு செய்தல்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் மும்பையிலுள்ள ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகத்திலும் இக்கால நாணயங்களை நேரில் பார்த்து ஒப்பிடலாம். வீட்டில் உள்ள நாணயங்களை விற்பதற்கு முன் அவற்றின் இரு பக்கங்களையும் படமெடுத்து, எடை, ஆண்டு, எழுத்து, புள்ளி ஆகியவற்றைக் குறித்து வைப்பது பயன் தரும். யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். எந்த வகைக் காசு எந்தப் பகுதியில் புழங்கியது என்பதை அறிய அது ஒன்றே வழி. எடைக்குப் போகும் ரூபாயில் 10.7 கிராம் வெள்ளி மட்டும் திரும்பக் கிடைக்கும். அதில் இருந்த ஆண்டும் புள்ளியும் மூசையில் கரைந்த பின் மீண்டும் கிடைக்காது.